அப்பப்பாவின் பழைய கதிரைகள்: வெட்டிப் புதுசாக்கலாமா, விடலாமா?

உவர்மலைக்காரி

வணக்கம். உவர்மலையில் அப்பப்பாவின் வீட்டுக்கு இப்போது நாங்கள் குடிவந்திருக்கிறோம். பின்விறாந்தையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்த கதிரைகளைப் போன கிழமை வெளியே இழுத்துப் போட்டேன். ஒன்று சாய்மனைக் கதிரை, கைப்பிடிக்கு அடியிலிருந்து இன்னொரு நீளப் பலகை சுழன்று வெளியே வரும், அதில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுக்கலாம், அந்த வகை. மற்றது சாப்பாட்டு மேசைக் கதிரைகள் நாலு. ஒன்றுக்குப் பின்கால் பிளந்திருக்கிறது. இரண்டில் பிரம்பு கிழிந்து தொங்குகிறது. நாலாவதில் யாரோ ஒரு புண்ணியவான் பிளைவுட் வைத்து, அதற்குமேல் பச்சை ரெக்சின் போட்டு, சுற்றிவர ஆணி அடித்து வைத்திருக்கிறார்.

அப்பப்பா டொக்யார்டில் கிளாக்காக இருந்தவர். 1957இல் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போனபோது ஏலத்தில் எடுத்த கதிரைகள் இவை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையோ என்னவோ. 1990இல் வீட்டைப் போட்டுவிட்டு ஓடித் திரும்பி வந்தபோது யன்னல் நிலைகூடக் கழன்று போயிருந்தது, கதிரைகள் மட்டும் இருந்தனவாம்.

பிரச்சினை என்னவென்றால் எங்கள் ஹோல் 10க்கு 12 அடி. சாய்மனையை விரித்தால் டிவிக்குப் போக வழி இல்லை. கூப்பிட்டு வந்த ஓடாவி பார்த்த உடனேயே ஒரு திட்டம் சொன்னார்: சாய்மனையின் கைகளை அரைவாசியில் வெட்டி எடுப்பது, நாலு கதிரையையும் பிரித்துச் சேர்த்து ஒரு நீள வாங்கு செய்வது, எல்லாவற்றுக்கும் வெள்ளை ஸ்ப்ரே அடிப்பது. போனில் படமும் காட்டினார், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அம்மா, பழைய சாமான் எடுக்கிறவனுக்குக் கொடு என்கிறா (ஐந்துக்கும் சேர்த்து 20,000 ரூபா கேட்டான்). டொரோண்டோவில் இருக்கிற அண்ணா, தொடாதே, நான் வந்து கொண்டு போவேன் என்கிறார். அவர் இதைப் பத்து வருசமாகச் சொல்கிறார்.

இவற்றைப் பாவிக்க வேண்டும், மூடி வைக்க விருப்பமில்லை. வெட்டலாமா? பெயின்ட் அடிக்கலாமா? என்ன மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திருகோணமலையில் இன்னும் யாராவது பிரம்பு பின்னுகிறார்களா?

---

ஓடாவி மகன், கிண்ணியா

தங்கச்சி, முதல் வேலையாக அந்த ஓடாவியின் கையிலிருந்து வாளை வாங்கி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

என் வாப்பாவும் ஓடாவிதான், அதனால் தொழிலைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது வேலை பழகுகிற பெடியன்களுக்கு வெட்டி ஒட்டத்தான் தெரியும், கழற்றத் தெரியாது. பழைய கதிரையில் கழற்றத் தெரிவதுதான் பாதித் தொழில். அந்தக் காலத்துக் கதிரை துளையும் அதற்குள் இறங்குகிற கழுந்துமாகப் பொருத்தி, வச்சிரம் காய்ச்சி ஒட்டியது. மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சி எடுக்கிற பசைதான் வச்சிரம். அது சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். சுடுதண்ணீரில் நனைத்த துணியை மூட்டில் கொஞ்ச நேரம் சுற்றி வைத்தால், மரம் ஒரு சிராய்கூட எழும்பாமல் மூட்டு கையோடு வரும். பழைய பசையைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசு போடவேண்டும், பழையதற்கு மேல் வெள்ளைப் பசை பூசினால் பிடிக்காது. ஆடுகிற கதிரைக்கு ஆணி அடிக்கிறவனை வீட்டுக்குள் விடாதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், எங்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்து ஓட்டையும் பெருக்கும். திருகாணி போட்டே ஆகவேண்டிய இடம் வந்தால் பித்தளை போடுங்கள்.

சாய்மனையின் கை. அதை ஏன் வெட்ட வேண்டும்? சுழலுகிற அந்தப் பலகை அநேகமாக ஒரே ஒரு ஆணிப்பூட்டில்தான் நிற்கும், கைப்பிடிக்கு அடியில் பாருங்கள். பூட்டைக் கழற்றினால் பலகை தனியாக வந்துவிடும். துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுங்கள், சாதாரணக் கதிரையாகிவிடும். நாளைக்குப் பெரிய வீடு வந்தால் திரும்பப் பூட்டலாம்.

மரத்துக்கு வருவோம். கதிரையைக் கவிழ்த்துப் போட்டு, ஆசனச் சட்டத்தின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், பிளேட்டால் நகமளவுக்குச் சுரண்டுங்கள். தங்க மஞ்சளாக, வெளிச்சத்தில் அலை ஓடுகிற மாதிரி மினுங்கினால் முதிரை. அதைத் தூக்கினாலே தெரியும், தேக்கைவிட ஒன்றரை மடங்கு பாரம். தேக்கென்றால் தேன் நிறம், தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. சாவண்டலையாகவும் இருக்கலாம், சிங்களத்தில் ஹல்மில்ல என்பது. அந்த மரத்துக்கு வெளிநாட்டுச் சந்தையில் எங்கள் ஊர்ப் பெயர்தான், திருகோணமலை மரம் என்றே விற்றார்கள். சென்னைக் கரையில் அலையைத் தாண்டிச் சரக்கு இறக்கிய மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து போனதும் அதுதான். முதிரையாக இருந்தால் வெள்ளை ஸ்ப்ரே என்ற பேச்சே வேண்டாம். இன்றைக்கு முதிரைப் பலகை வாங்கப் போய்ப் பாருங்கள், அப்போது விளங்கும்.

இன்னொரு விசயம். மினுக்கத்தைக் கழற்ற கோஸ்டிக் சோடாத் தண்ணீரில் முக்கலாம் என்று சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். மரம் கறுத்துப் போகும், மூட்டுப் பசையும் கரையும். முதலில் பஞ்சில் கொஞ்சம் மெதிலேட்டட் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுத்து பஞ்சு பழுப்பானால் அது அரக்குப் பொலிஷ், ஸ்பிரிட்டிலேயே கழுவி எடுத்துவிடலாம். அது அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் வார்னிஷ், அதற்குத்தான் சுரண்டல் வேலை.

அப்பப்பாவின் கதைக்கு ஒரு சோதனை இருக்கிறது. பிரித்தானிய அரசாங்கச் சொத்துக்கு அகன்ற அம்புக்குறி ஒன்று பதிப்பார்கள், மேல்நோக்கிய மூன்று கோடு, கோழிக்கால் மாதிரி. கடற்படைச் சாமானென்றால் அடிப்பக்கத்தில் எங்காவது அது இருக்க வாய்ப்புண்டு. தேடிப் பார்த்துச் சொல்லுங்கள், எனக்கும் ஆசையாக இருக்கிறது.

---

உப்புவெளி அலை

எல்லாரும் பழைய கதிரை என்றதும் கோயில் விக்கிரகம் மாதிரிப் பேசுகிறார்கள். நான் நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதிகளுக்கு உள்ளலங்கார வேலை செய்கிறேன், தினமும் பார்க்கிற காட்சி இது: தொடாதே தொடாதே என்று பாதுகாத்து, கடைசியில் கறையான் தின்கிறது. மார்ட்டினோ காம்பர் என்ற வடிவமைப்பாளர் லண்டன் தெருக்களில் எறிந்து கிடந்த கதிரைகளை எடுத்து, பிரித்து, ஒன்றின் முதுகை இன்னொன்றின் காலில் பொருத்தி, 100 நாளில் 100 கதிரை செய்து 2007இல் காட்சிக்கு வைத்தார். யாரும் அவரைப் பாவி என்று சொல்லவில்லை.

அக்கா, நாலும் உருப்படியான கதிரை என்றால் விடுங்கள். ஆனால் கால் பிளந்ததும் ரெக்சின் அடித்ததும் ஏற்கெனவே பாதி செத்தவை. அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே நீளச் சட்டம் புதிதாகப் போட்டால் இரண்டு முதுகோடு ஒரு வாங்கு வரும். 4 அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு கால் வையுங்கள், இல்லாவிட்டால் சட்டம் தொய்யும். ஆசன உயரம் 17, 18 அங்குலத்துக்குள் இருக்கட்டும். சாப்பாட்டு மேசை வழக்கமாக 30 அங்குலம், அதற்கு அதுதான் சரி. மேலே ஒற்றைப் பலகை, அதில் மருதமுனைக் கைத்தறித் துணியில் குஷன். சிறிய ஹோலுக்கு இதைவிட வடிவான சாமான் கிடைக்காது.

பெயின்ட் ஆசை இருந்தால் அடியுங்கள், பாவமில்லை. ஆனால் நேரே மரத்தில் அடிக்கவேண்டாம், முதலில் இரண்டு கோட் அரக்குப் பொலிஷ். அடிக்காவிட்டால் தேக்கு, மஹோகனி எல்லாம் வெள்ளைக்குள்ளால் மஞ்சளாகக் கசியும், மூன்று மாதத்தில் தேத்தண்ணீர் ஊற்றின மாதிரி இருக்கும். பொலிஷ் இருந்தால் பெயின்ட் மரத்தின் துவாரத்துக்குள் இறங்காது, பேரப்பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் அவள் சுரண்டி எடுக்கலாம். கதிரையில் ஏற்கெனவே பழைய பெயின்ட் இருந்தால் காயவைத்துச் சாண்ட்பேப்பர் போடாதீர்கள், அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும். நனைத்துத் தேயுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கிட்ட விடவேண்டாம்.

---

ஓடாவி மகன், கிண்ணியா

தம்பி, லண்டன் தெருவில் எறிந்த கதிரைக்கும் அப்பப்பா இருந்த கதிரைக்கும் வித்தியாசம் இருக்கிறதே. கால் பிளந்ததைச் செத்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? நார் வழியே பிளந்த கால் என்றால் நல்ல செய்தி, பிளவுக்குள் பசை விட்டு, கயிறு சுற்றிக் குச்சி வைத்து முறுக்கி ஒரு நாள் விட்டால் முந்தியதைவிட உறுதி. குறுக்கே முறிந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். அக்காவிடம் ஒரு படம் கேட்காமலே மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணி கொதிக்க வைக்கிறீர்களே!

ஆனால் அரக்கு அடித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கச் சொன்னது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

---

பாலையூற்று ரீச்சர்

பிள்ளை, பிரம்பு கேட்டிருந்தீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு பொழுதுபோக்காகப் பழகிக்கொண்டது, இப்போது தெருவிலுள்ள எல்லாருடைய கதிரையும் என் விறாந்தையில்தான்.

முதலில் சட்டத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள் சுற்றிவர ஊடுருவி இருந்தால் அது கையால் பின்னியது. துளை இல்லாமல் மேற்பக்கத்தில் ஒரு வாய்க்கால் மட்டும் ஓடினால், மெசினில் பின்னி வருகிற பிரம்புத் துண்டை வெட்டி வைத்து, வாய்க்காலுக்குள் ஒரு குச்சிப் பிரம்பால் அடித்து இறுக்கியது. இரண்டாவது ஒரு மத்தியான வேலை. முதலாவது அப்படி இல்லை: நெடுக ஒன்று, குறுக்க ஒன்று, திரும்ப நெடுக, திரும்பக் குறுக்க மேலும் கீழுமாக, பிறகு இரண்டு மூலைவாட்டுக்கும் ஒவ்வொன்று, கடைசியில் ஓரம் கட்டுவது. என் வேகத்துக்கு ஒரு ஆசனம் நாலு நாள். சில பேர் சோம்பல்பட்டு, துளை இருக்கிற பழைய சட்டத்திலேயே வாய்க்கால் வெட்டி மெசின் பிரம்பு அடிப்பார்கள். ஏற்கெனவே துளைபோட்ட சட்டம் இன்னும் மெலிந்துபோகும். நான் செய்யமாட்டேன்.

பிரம்பைப் பின்ன முன் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறப்போடவேண்டும். ஈரத்தில் கொஞ்சம் தொய்வாக இருக்கும், பயப்படவேண்டாம், காய்ந்ததும் தட்டினால் மேளம் மாதிரிச் சத்தம் வரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால் உங்கள் சாய்மனையின் முதுகு கிழியாமல் தொய்ந்து மட்டும் இருந்தால் புதுசு பின்னத் தேவையில்லை. பின்பக்கமாகத் திருப்பி, பிரம்பின் மினுக்கமில்லாத பக்கத்தில் ஈரத்துணியை விரித்து ஒரு மணித்தியாலம் விட்டு, நிழலில் ஒரு இரவு காய விடுங்கள். மேல்பக்கம் தண்ணீர் குடிக்காது, அதனால் அங்கே தேய்த்துப் பயனில்லை. வெயிலில் வைத்தால் வெடிக்கும். சாய்மனையில் முழுப் பிரம்பும் போய்விட்டதென்றால் பின்னல் செலவு நிறைய. அப்போதைக்குத் தடித்த துணியை ஊஞ்சல் மாதிரிக் கட்டிவிடலாம், துளைகள் அப்படியே இருக்கும்.

பிரம்பு வாங்க நான் வேவல்தெனியவுக்குத்தான் சொல்லி அனுப்புகிறேன். கொழும்பு–கண்டி வீதியில் இரண்டு பக்கமும் பிரம்புக் கடைகள் இருக்கும், ஊரின் பெயரே பிரம்பில்தான் தொடங்குகிறது, சிங்களத்தில் வேவல் என்றால் பிரம்பு. பஸ்ஸில் கொழும்பு போகிறவர்கள் யாராவது வாங்கி வந்து தருவார்கள்.

அப்புறம் ஒன்று. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மரம் சுருங்கி மூட்டெல்லாம் ஆடும், வாடைக்கு ஊதி இறுகும். ஆனியில் ஆடுகிற கதிரையைப் பார்த்து அவசரப்பட்டு இறுக்கி ஒட்டிவிடாதீர்கள், மார்கழியில் அது வேறு கதை சொல்லும்.

---

ஒரு வழிப்போக்கன்

20,000 ரூபாவுக்கு ஐந்தையும் கேட்டானா? அவனைத் திரும்பக் கூப்பிட்டு, ஏன் கேட்கிறாய் என்று விசாரியுங்கள், அவனுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரியும். சண்டிகாரில் 1950களில் அரசு அலுவலகங்களுக்குச் செய்த தேக்குப் பிரம்புக் கதிரைகள், பியர் ஜன்னரே வடிவமைத்தவை, பழசாகிப் போச்சென்று இரும்புக்கடை விலைக்குக் கழித்தார்கள். பிறகு அதே கதிரைகள் ஐரோப்பிய ஏலங்களில் போன விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

அண்ணாவுக்கும் ஒரு வார்த்தை: டொரோண்டோவுக்குக் கொண்டு போவதென்றால் பெட்டி கட்டும் முன்னரே தொல்லியல் திணைக்களத்தில் கேட்கச் சொல்லுங்கள். பழம்பொருள் ஏற்றுமதிக்கு அனுமதி வேண்டும், துறைமுகத்தில் வைத்துத் தெரிந்துகொண்டால் தலையிடி.

---

உவர்மலைக்காரி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நிறைய நடந்தது.

ஓடாவி அண்ணை, உங்கள் கோழிக்கால் கிடைக்கவில்லை. டோர்ச் அடித்து ஐந்து கதிரையையும் தலைகீழாகப் போட்டுத் தேடினேன், அம்புக்குறி எங்கும் இல்லை. அப்பப்பாவின் ஏலக்கதை பாதி கதைதான் போல. சுரண்டிப் பார்த்ததில் சாய்மனை தேக்கு, சாப்பாட்டுக் கதிரைகள் மஞ்சள், நீங்கள் சொன்ன அலையும் இருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவ ஒன்றும் பேசாமல் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனா. சாமான்காரன் இனி வரமாட்டான்.

அம்புக்குறியைத் தேடும்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. இந்தக் கதிரைகளின் ஆசனம் தனியாகக் கழன்று வருகிற சட்டம், அச்சில் வைத்த மாதிரி உள்ளே இறங்கி உட்காரும். ஒவ்வொரு ஆசனத்தின் அடியிலும், கதிரையின் முன்சட்டத்தின் உட்புறத்திலும் உளியால் வெட்டிய சின்னக் கோடுகள். ஒன்றில் ஒரு கோடு, ஒன்றில் இரண்டு. முதலில் கீறல் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் இரண்டு கோடு போட்ட கதிரையில் நாலு கோடு போட்ட ஆசனம் இருக்கிறது, நாலில் இரண்டு. யாரோ எப்போதோ தூசி தட்டக் கழற்றி மாற்றி வைத்திருக்கிறார்கள். எத்தனை வருசமாகவோ அந்த இரண்டும் ஆடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்! மாற்றிப் போட்டேன், டக்கென்று உட்கார்ந்தது. ஒரு ஆணியும் தேவைப்படவில்லை.

கால் பிளந்தது நார் வழிதான். கயிறு முறுக்கி ஒட்டியாகிவிட்டது, ஒட்டியது யார் என்று கேட்காதீர்கள், கிளாம்ப் இல்லாமல் அடுப்புக் கரண்டியால் முறுக்கினோம். ரெக்சினைப் பிரித்தபோது 43 ஆணி வந்தது. ஆசனச் சட்டம் துளைகளோடு சேர்ந்து ஒரு பக்கம் வெடித்திருக்கிறது, அதை ரீச்சரிடம் கொண்டு வந்து காட்டலாமா? மற்ற இரண்டுக்கும் நீங்களே பின்னித் தருவதென்றால் எவ்வளவு நாள் என்றாலும் காத்திருக்கிறேன்.

அலை தம்பி, வாங்கு யோசனையை விடவில்லை, ஆனால் இந்த நாலிலும் கை வைக்க மனம் வரவில்லை. சாய்மனையின் கைப்பலகைகள் கழன்று அலுமாரிக்கு மேல் போய்விட்டன, முதுகு ஈரத்துணிக்கு இறுகிவிட்டது. அதற்கு மட்டும் நீங்கள் சொன்ன மருதமுனைத் துணியில் ஒரு நீளக் குஷன், கடுங்கபிலமும் பச்சையும். பக்கத்தில் ஒரு நின்றெரியும் விளக்கு. பழைய கதிரை என்றே இப்போது தோன்றவில்லை. அதில் உட்கார வீட்டில் சண்டை.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நாலு கதிரையில் இருக்கிற கோடுகள் ஒன்று, இரண்டு, நாலு, ஆறு. அப்படியென்றால் மூன்றும் ஐந்தும் எங்கோ இருக்கின்றன. அண்ணாவிடம் கேட்டேன். ஒன்று லிங்கநகரில் மாமி வீட்டுச் சாமியறையில், குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அரிசிச் சாக்கு வைத்திருக்கிறதாம். நேற்று அந்தப் பக்கம் போய், தண்ணீர் கேட்டு உள்ளே போகிற சாட்டில் குனிந்து பார்த்தேன். மூன்று கோடு. மாமி கேட்டா, என்ன பிள்ளை தேடுகிறாய் என்று.